யானை திரும்பும் பதினோரு தாள்

துணியை இன்னொரு தடவை நனைத்துப் பிழிந்து துடைத்தபோது யானையின் தந்தம் போய்விட்டது.

அதுவரைக்கும் அழுக்குதான் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். துணியில் கறுப்பாக ஒட்டியது. இருபது வருஷத்துத் தூசி கறுப்பாகத்தானே இருக்கும். தும்பிக்கையின் ஓரம் மங்கியது; ஈரம் காய்ந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார். ஆனால் தந்தம் இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லை. கீழே விரித்திருந்த வெள்ளைத் தாள்தான் தெரிந்தது. தந்தம் போனதும் கையை எடுத்திருக்கலாம். கை இன்னொரு தடவை போய்வந்தது. கண்ணும் போயிற்று.

கண்ணாடித் தாளில் மிஞ்சியது சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய திட்டு. யானை என்று யாராவது சொன்னால் யானை. சொல்லாவிட்டால் எதுவுமில்லை.

"என்னங்க, ஆச்சா?" என்று உள்ளேயிருந்து லூர்தம்மாள் கேட்டாள். "பதினொரு மணி பஸ்ஸுக்கு அவுரு வந்துடுவாரு."

"ஆச்சு, ஆச்சு" என்றார் இன்னாசிமுத்து. அந்த ஒரு தாளை மட்டும் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கண்ணாடிப் பலகைகளுக்குப் பின்னால் செருகினார். மற்றவற்றைப் பழையபடி செய்தித்தாளில் சுற்றி, நூலைக் கட்டி, தகரப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் வீட்டின் முன்னறைதான் அவர் கடை. கண்ணாடி போர்டு எழுதுவது தொழில். வயது நாற்பத்தெட்டு. கண்ணாடியின் பின்பக்கத்தில் எழுத்தை இடவலம் மாற்றி எழுத வேண்டும். முதலில் ஓரக்கோடு, அதன்மேல் உள்நிறம், அதற்கும் மேல் பின்னணி. திருப்பினால் முன்பக்கம் நேராகத் தெரியும். தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் அப்படி இடவலம் மாற்றி எழுதக்கூடிய ஆள் அத்திபள்ளி எல்லையிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் வேறு யாரும் இல்லை. லாரி ஆபீஸ், மாங்காய் மண்டி, பட்டுநூல் கடை, எல்லாம் அவர் கைதான். எழுதி முடித்துக் காய்ந்ததும் முன்பக்கத்தை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துத்தான் ஆளிடம் கொடுப்பார். முப்பது வருஷமாகக் கைக்கு அது பழக்கம். கண்ணாடியைத் துடைத்தால் கண்ணாடிதான் பளிச்சென்று ஆகும். எழுத்துக்கு ஒன்றும் ஆகாது. எழுத்து மறுபக்கத்தில் அல்லவா இருக்கிறது.

இந்தத் தாளில் நிறம் மட்டும்தான் மறுபக்கம். கோடு முன்பக்கத்தில் இருந்தது. அதுவும் தண்ணீரில் கரைகிற மை.

பெட்டி வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. உள்ளே இருந்ததை அவர் ஒருநாளும் எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பெட்டி அவருடைய தம்பி யேசுராஜினுடையது. போன நவம்பரில் மதராஸில் ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோயில் செத்துப்போனான். கல்யாணம் கட்டவில்லை. அவன் குடியிருந்த அறையின் சொந்தக்காரர் லாரியில் போட்டனுப்பிய பெட்டியின் மூடியைத் திறந்தால் உள்பக்கம் சிவப்பு பெயிண்டில் எழுதியிருந்தது: அண்ணி லூர்தம்மாளுக்கு.

அண்ணனுக்கு என்று இல்லை. அண்ணன் குடும்பத்துக்கு என்றுகூட இல்லை. இன்னாசிமுத்து அதைப் படித்துவிட்டு, "ளுவுக்குச் சுழி சரியா வளையல" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது என்ன என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். யேசுராஜ் நாற்பத்தேழில் மதராஸுக்குப் போய் ஒரு பொம்மைப் படக் கம்பெனியில் சேர்ந்தான். கம்பெனி ஏழெட்டு வருஷம் ஓடிவிட்டு மூடிக்கொண்டது. அதற்குள் அது எடுத்த விளம்பரப் படங்களில் ஒன்று ஓசூர் வரைக்கும் வந்தது. பல்பொடி விளம்பரம், ஒன்றரை நிமிஷம். ஒரு யானை தன் தந்தத்தைக் காட்டிக் காட்டிப் பெருமையாக நடந்துவரும். எதிரில் ஒரு பையன் வாயைத் திறந்து சிரிப்பான். கூட்டம் யானையை விட்டுவிட்டுப் பையனைச் சுற்றிக்கொள்ளும். யானை ஒன்றும் நடக்காத மாதிரி அப்பால் நடக்கும். நாலு அடி போனதும் நிற்கும். மெதுவாகத் தலையைத் திருப்பி, ஓரக்கண்ணால் பையனின் பல்லைப் பார்க்கும்.

அந்த இடத்தில் டூரிங் டாக்கீஸ் கூரை பிய்த்துக்கொண்டு போகும். தளியிலிருந்தும் ஜவளகிரியிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் விசில் அடிப்பார்கள். இன்னாசி தம்பி போட்ட யானை. இன்னாசி தம்பி யானையை நடக்க வெச்சுட்டான்.

அதற்கு நேர் முன்னால் அதே திரையில் வந்தது இன்னாசிமுத்துவின் வேலை. கொட்டகைக்காரர் சின்னக் கண்ணாடித் துண்டு கொடுத்து அவரிடம்தான் சிலைடு எழுதி வாங்குவார். 'புகை பிடிக்கக் கூடாது.' 'பெண்கள் பக்கம் ஆண்கள் உட்காரக் கூடாது.' 'முறுக்கு, சோடா இடைவேளையில் கிடைக்கும்.' இரண்டு அங்குல அகலத்தில் இடவலம் மாற்றி எழுதிய எழுத்து. திரையில் ஆள் உயரத்துக்கு விரியும். ஓரம் ஒரு மயிரிழை பிசகியிருக்காது. அது நின்றுகொண்டிருக்கும்போது சனம் மூக்கைச் சிந்தும், இடம் பிடிக்கச் சண்டை போடும், பீடி பற்றவைக்கும். அப்புறம் யானை வரும்.

இன்னாசிமுத்து பதினெட்டு வருஷமாக யானைக்காரன் அண்ணன். எதிர் டீக்கடை மாதப்பன் அவரை வேறு எந்தப் பேரிலும் கூப்பிட்டதில்லை.

ஐம்பத்தொன்றில் யேசுராஜ் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, "அது எப்படிப்பா நடக்குது?" என்று கேட்டது லூர்தம்மாள் ஒருத்திதான். அவன் அடுப்படியிலேயே உட்கார்ந்து பழைய நோட்டின் மூலையில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு கோழி வரைந்து, விரலால் சரசரவென்று தள்ளிக் காட்டினான். கோழி கொத்தியது. இன்னாசிமுத்து முன்னறையில் போர்டு எழுதிக்கொண்டே அவள் சிரிப்பைக் கேட்டார். அவர் எழுதியதைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. போர்டைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சமாதானம் ஆகவில்லை. வருஷா வருஷம் அவள் மாங்காய் ஊறுகாய் போட்டு மதராஸுக்கு அனுப்பினாள். பதில் கடிதம் அவள் பேருக்கு வந்தது.

பெட்டிக்குள் இருந்த ஒரு விலாசத்துக்கு அவள்தான் எழுதிப் போட்டாள். இதெல்லாம் பெறுமானம் உள்ளதா, தெரிந்தவர் யாராவது வந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று. பெங்களூரிலிருந்து பதில் வந்தது. சனிக்கிழமை வருகிறேன், திம்மப்பன்.

"பொம்மைக்குப் போயி மதிப்புப் போட ஆளா?" என்றார் இன்னாசிமுத்து. "இந்தத் தாள உருக்கிச் சீப்பு செய்யறவன் கிட்டக் குடுத்தா எடைக்கு எடுத்துக்குவான்."

"எடைக்கோ நடைக்கோ, தெரிஞ்ச ஆளு வாயால சொல்லட்டும்" என்றாள் அவள். "பெட்டியில தூசி கெடக்குது. மேலாப்புல தொடச்சு வையுங்க. உங்களுக்குத்தான் கண்ணாடி தொடைக்கத் தெரியும்."

அதற்காகத்தான் காலையில் முதன்முதலாகப் பெட்டிக்குள் கை வைத்தார். மேலே நூற்றுக்கணக்கில் தாள்கள் அடுக்கியிருந்தன. அடியில் ஒரு மெல்லிய கட்டு மட்டும் தனியாகச் செய்தித்தாளில் சுற்றி இருந்தது. அதை மட்டும் ஏன் தனியாக வைத்தான் என்று பார்க்கத் தோன்றியது. பிரித்து, நடுவிலிருந்து ஒன்றை உருவினார். அதுதான் இப்போது கண்ணாடிப் பலகைகளுக்குப் பின்னால் இருக்கிறது.

"யானைக்காரண்ணே!" என்று தெருவிலிருந்து மாதப்பன் குரல் கொடுத்தான். "உங்க யானைய வெல பேச ஆளு வந்திருக்குது. வாழத்தாரு வாங்கிப் போடுங்க!"

திம்மப்பன் குள்ளமாக, மூக்குக் கண்ணாடி போட்டு, கக்கத்தில் ஒரு பலகையை இடுக்கிக்கொண்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும். ஏழு வருஷம் மதராஸில் அந்தக் கம்பெனியில் கேமராக்காரராக இருந்தவர். இப்போது பெங்களூரில் விளம்பரப் படம் எடுக்கிற இடத்தில் வேலை.

"நமஸ்காரம்மா. நீங்கதானே லூர்தம்மா? உங்க ஊறுகாய் நானும் திந்திருக்கேன். யேசுராஜ் ஒளிச்சு வெப்பான், நாங்க எடுத்துடுவோம்."

லூர்தம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். இன்னாசிமுத்து நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

திம்மப்பன் வேலையில் இறங்கியதும் ஆள் மாறிவிட்டார். பெட்டியை முன்னறைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து, தாள்களை ஓரம் மட்டும் பிடித்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். மூலையில் உள்ள நம்பரைப் பார்த்து ஒன்று இந்த அடுக்கில், ஒன்று அந்த அடுக்கில் என்று போட்டார். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் போயிற்று.

"என்ன சார், எப்படி?" என்றார் இன்னாசிமுத்து.

"இதெல்லாம் பெரியவர் வரைஞ்சது. எங்க தலைமை ஆர்ட்டிஸ்ட். அவர் பேப்பர்ல பென்சில்ல போடுவார். அதை இந்தத் தாள் மேல வேற ஆளுங்க மையில எடுப்பாங்க. திருப்பிப் போட்டு யேசுராஜ் கலர் ரொப்புவான்."

"கலர் ரொப்புவானா?"

"ஆமா. அவன் கலர் செக்ஷன்."

"அப்ப வரையறது?"

"இல்ல இல்ல. வரையறது பெரியவர்."

இன்னாசிமுத்து மனைவியைப் பார்த்தார். பதினெட்டு வருஷம். கொட்டகை, விசில், மாதப்பன், ஊறுகாய். கலர் ரொப்புகிறவன்! அவரே போர்டுக்கு உள்நிறம் போட நெருக்கடி நேரத்தில் ஆள் வைத்துக்கொள்வது உண்டு. கோடு போட்டுக் கொடுத்துவிட்டால் யாரும் போடலாம். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அவிழ்ந்து இடம் விட்ட மாதிரி இருந்தது.

"சார் சொல்றது கேக்குதா? ஊரே யானை யானைன்னு குதிச்சுது. யானை இவன் போட்டது இல்லையாம்."

"கேக்குது" என்றாள் லூர்தம்மாள். அவள் முகம் சுருங்கியிருந்தது. "தனியா ஒரு கட்டு இருக்குதுங்க. அதையும் பாத்துடுங்க."

திம்மப்பன் நூலை அவிழ்த்தார். முதல் தாளைத் தூக்கியவர் அதைக் கீழே வைக்கவில்லை.

"ஐயோ" என்றார். "இது அவன்கிட்டயா இருந்தது? கம்பெனி மூடினப்ப தேடித் தேடிப் பாத்தோம்."

"என்னது?"

"யானை திரும்பறது. இது மட்டும் அவன் பண்ணினது. பென்சில், மை, கலர், எல்லாம் அவன் ஒருத்தனே. பெரியவர் போட்டது சரியா வரலை. மூணு தடவை எடுத்தோம், யாரும் சிரிக்கலை. யேசுராஜ் ஒருநாள் ராத்திரி உக்காந்து பதினோரு தாள் போட்டுக் கொண்டாந்தான். பெரியவர் பாத்துட்டுத் தன்னதைக் கிழிச்சுட்டார். ஜனம் சிரிச்சது இந்தப் பதினொண்ணுக்குத்தாம்மா."

அவிழ்ந்தது மறுபடி முடிச்சு விழுந்தது. முன்னைவிட இறுக்கமாக.

"அந்தப் பார்வையை எங்கேர்ந்துடா புடிச்சேன்னு கேட்டோம்" என்றார் திம்மப்பன், தாளைப் பார்த்தபடியே. "எங்க ஊர்ல ஒரு ஆள் இருக்கார், பக்கத்துல யாரையாவது நல்லா இருக்குன்னு சொல்லிட்டா இப்படித்தான் திரும்பிப் பாப்பார், பேர் மட்டும் கேக்காதீங்கன்னான்."

லூர்தம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள். புருஷன் பக்கம் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டாள். அவர் அந்த நேரம் சரியாக அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா?" என்றார் திம்மப்பன்.

"ஒண்ணுமில்லீங்க. எனக்குத் தெரிஞ்ச ஆளுதான்."

திம்மப்பன் எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார்.

"பத்துதான் இருக்கு. ஏழாம் நம்பர் இல்லை."

"இருக்குதே! புது வருசத்தன்னிக்கு நான்தான் எண்ணி வெச்சேன். பதினொண்ணு." அவள் திரும்பினாள். "காலையில நீங்கதானே தொடச்சீங்க?"

"மத்ததோட கலந்திருக்கும்" என்றார் இன்னாசிமுத்து. "சாப்பிடப் போடு அவருக்கு. நான் தேடி எடுக்கறேன்."

"பதினொண்ணும் இருந்தா நான் ஐந்நூறு ரூபா தரச் சொல்வேன்மா" என்றார் திம்மப்பன். "எங்க ஆபீஸ்ல புதுசா வர்ற பையன்களுக்குக் காட்ட வேணும். யானை எப்படித் திரும்பணும்னு. மத்ததெல்லாம் ஒரு நூறு. ஆனா முழுசா இருக்கணும்."

உள்ளே களியும் கோழிக்குழம்பும் தயாராக இருந்தன. களி உருண்டையைப் பார்த்ததும் திம்மப்பன், "ஆஹா, முத்தெ! இதைப் போய்க் களின்னு ஏம்மா கெட்ட பேர் வெக்கிறீங்க" என்றது முன்னறைக்குக் கேட்டது. இன்னாசிமுத்து நடுக்கதவைச் சாத்தினார். வயிறு சரியில்லை, அப்புறம் சாப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தார்.

பலகைகளுக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்து வெள்ளைத் தாள்மேல் வைத்தார். மூலையில் ஏழு என்ற நம்பர் மட்டும் அழியாமல் இருந்தது. கறுப்பு மையில் ஒரு துளி கோந்தும் சோப்புத் தண்ணீரும் கலந்தார். வழவழப்பான பரப்பில் மை உருண்டு ஓடாமல் இருக்க அதுதான் வழி. மிக மெல்லிய தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கினார்.

நிறம் எங்கே முடிகிறதோ அங்கே கோடு. கஷ்டமே இல்லை. முதுகு ஒரே இழுப்பில் வந்தது. தும்பிக்கை இரண்டு இழுப்பு. எங்கே தடித்து எங்கே மெலிய வேண்டும் என்று கைக்கே தெரிந்தது. தம்பியின் கோடு இவ்வளவு சுத்தமாக இருந்ததா? காலையில் பார்த்த ஒரு நிமிஷத்தில், கொஞ்சம் நடுங்கின கோடாகத்தான் ஞாபகம். பின்பக்கம் தந்தத்துக்குப் போட்டிருந்த வெள்ளைத் திட்டைச் சாய்வாக வெளிச்சத்தில் பிடித்துக் கண்டுபிடித்து அதைச் சுற்றித் தந்தத்தை வரைந்தார். அது திரும்ப வந்தபோது அவருக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

கண் பாக்கி.

ஆறாம் தாளையும் எட்டாம் தாளையும் மற்றவற்றோடு திம்மப்பன் கையோடு உள்ளே எடுத்துப்போயிருந்தார். போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். பார்க்கப் போனால் ஓரக்கண்ணைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். யாரை, எப்போது அப்படிப் பார்த்தேன் நான்? அப்படிப் பார்க்க என்னிடம் என்ன குறைச்சல்? போர்டில் எது எழுதினாலும் அது வருகிற ஆளை நேராகப் பார்க்க வேண்டும். அவர் கண்ணை வரைந்து அதன் நட்டநடுவில் கருமணியை வைத்தார். நல்ல, தெளிவான, யாருக்கும் கடன்படாத கண்.

காயும்வரை ஊதினார்.

"கெடச்சுது சார்" என்று கதவைத் திறந்தார். "கட்டிலுக்குக் கீழ நழுவிக் கெடந்துது."

திம்மப்பன் கை கழுவித் துடைத்துக்கொண்டு, கொண்டுவந்த பலகையை மடியில் வைத்தார். அதன் ஓரத்தில் இரண்டு குமிழ்கள் இருந்தன. தாள்களின் துளைகளைக் குமிழில் மாட்டி, ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, பதினொன்றையும் வரிசையாக அடுக்கினார். ஏழாவதை மாட்டும்போது ஒரு கணம் நிறுத்தினார். கட்டைவிரலால் ஓரத்தை வளைத்து விட்டார்.

யானை நடந்தது. நின்றது. தலை மெதுவாகத் திரும்பியது. சட்டென்று ஒரு வினாடி எதுவும் இல்லாமல் வெறுமே பார்த்தது, அரிசி மூட்டையில் போட்ட முத்திரை மாதிரி. பிறகு மறுபடி திரும்பி ஓரக்கண்ணால் பார்த்தது.

இன்னொரு தடவை விட்டார். அதே இடத்தில் அதே மாதிரி.

"நோடி, பாருங்க, ஏழுல நின்னுடுது" என்றார். ஏழாவதை மட்டும் கழற்றி எடுத்துவிட்டுப் பத்தை வைத்து விட்டார். யானை திரும்பியது. நடுவில் லேசாக ஒரு வெட்டு, அவ்வளவுதான். ஓரக்கண் பார்வை வந்தபோது லூர்தம்மாள் சிரித்துவிட்டாள். பதினெட்டு வருஷத்துக்கு அப்புறமும் சிரிப்பு வந்தது.

"ஏழு இல்லாமலே திரும்புது" என்றார் திம்மப்பன்.

கழற்றிய தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது வேற கை. இதை நான் கேமராவில வெச்சதில்ல. ஆனா ஒண்ணு சொல்லணும். தனியா வெச்சுப் பாத்தா பதினொண்ணுல இதுதான் நல்ல படம். என்ன கோடு! எங்க பெரியவருக்குக்கூட இந்த முதுகு வராது. சுவத்துல மாட்டலாம். யார் போட்டது?"

இதே வார்த்தையைத்தான் இத்தனை வருஷமாக யாராவது சொல்ல வேண்டும் என்று இன்னாசிமுத்து காத்திருந்தார். விவரம் தெரிந்த ஒருவர், பெங்களூரிலிருந்து வந்து, மனைவி கேட்கும்படியாகச் சொல்லிவிட்டார். அது தன்னுடையது என்று கையை நீட்டி வாங்கிக்கொள்ளத்தான் முடியவில்லை.

லூர்தம்மாள் அவர் கையைப் பார்த்தாள்.

"வெரல்ல என்னங்க மை?"

"போர்டு எழுதினேன்."

"மாங்கா மண்டி போர்டா? அதுல செவப்பும் மஞ்சளுந்தானே. கறுப்பு எங்க வந்துது?"

அவர் விரலை வேட்டியில் தேய்த்தார்.

"இவுரு கைதாங்க அது" என்று அவள் திம்மப்பனிடம் சொன்னாள். "எங்கூட்டுக்காரரு."

"தொடச்சேன்" என்றார் இன்னாசிமுத்து. "கண்ணாடின்னு நெனச்சேன். கோடு முன்னால இருக்கும்னு யாருக்குத் தெரியும்? போயிடுச்சு."

"தெரியாமத்தானே?"

அவள் கேட்ட விதத்தில் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அதனால்தானோ என்னவோ அவரால் சொல்ல முடியவில்லை.

"தந்தம் போனது தெரியாமத்தான்" என்றார். "கண்ணு போனது தெரிஞ்சு."

திம்மப்பன் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தெருவில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"அந்த ஆளு பேரைத் தம்பி சொல்லலன்னீங்களே" என்றாள் லூர்தம்மாள். திம்மப்பனைப் பார்த்துத்தான் சொன்னாள். "இவுருதான். கோயில்ல பக்கத்து ஆளு நல்லா பாடினாக்கூட அப்படித்தான் திரும்பிப் பாப்பாரு. இவுரு தம்பி தப்பா ஒண்ணும் போடல. ஆசையாத்தான் போட்டிருக்கணும். இல்லாட்டி அவ்வளவு சரியா வராது."

இன்னாசிமுத்து உட்கார்ந்தார்.

"பத்துக்கு என்னங்க தருவீங்க?" என்றாள் லூர்தம்மாள்.

"முந்நூறு சொல்லலாம்மா. ஆனா நீங்க கொடுக்கணும்னு இல்லை. ஞாபகத்துக்கு இருக்கட்டும்னா..."

"எடுத்துட்டுப் போயிடுங்க. பெட்டியோட எடுத்துட்டுப் போங்க. இந்த ஊட்டுல இருந்தா யாராச்சும் தொடச்சுடுவாங்க."

"இந்த ஏழாவது?"

"அது உங்களுக்கு வேணாமே. அது இருக்கட்டும்."

திம்மப்பன் பணத்தை எண்ணிக் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மூடியின் உள்பக்கம் எழுதியிருந்ததை லூர்தம்மாள் ஒரு தடவை விரலால் தடவினாள். பெட்டியை மாதப்பன் தோளில் தூக்கிக்கொண்டு போய் நாலு மணி பஸ்ஸின் மேலே ஏற்றிக் கட்டினான். "யானை போகுதுடோய்" என்று நடத்துனரிடம் சொன்னான். இன்னாசிமுத்து பஸ் வரைக்கும் போகவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இருவரும் ஏழு மணிப் பூசைக்குப் போனார்கள். ஆள் குறைவாக இருந்தது. திரும்பும் வழியில் லூர்தம்மாள் அரைக் கிலோ வெங்காயம் வாங்கினாள். இன்னாசிமுத்து பத்து மணிக்கு மாங்காய் மண்டி போர்டில் மஞ்சள் நிறத்தைப் போட ஆரம்பித்து மத்தியானத்துக்குள் முடித்தார். சாப்பிட்டபின் லூர்தம்மாள் ஏழாவது தாளைக் கொண்டுவந்து கொடுத்துச் சட்டம் போடச் சொன்னாள். அவர் கண்ணாடி அறுத்து, நாலு பக்கமும் சட்டம் அடித்து, முன்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தார். அவள் அதைக் கடையில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினாள். மூன்று மணிக்கு மாதப்பன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "இது யார் போட்ட யானை?" என்று கேட்டான். இன்னாசிமுத்து அளவுக்கோலைத் தேடிக்கொண்டிருந்தார். ஐந்தரை மணிக்கு கிருஷ்ணகிரியிலிருந்து மண்டிக்காரர் வந்து போர்டை எடுத்துக்கொண்டு போனார்.